புள்ளியில் தொடங்கும் வரிகள்
யூனிக்ஸ் கையேட்டை வடிவமைக்கும் நிரலும், அதைப் பழுதுபார்த்தவர்களும்

சென்ற ஆண்டு நமது சங்கப் பொங்கல் விழாவில், சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். ஹிஞ்சவடியில் மென்பொருள் வேலை. "என்ன வேலைப்பா பார்க்கறே?" என்று கேட்டேன். "பெருசா ஒண்ணுமில்லை மாமா. மெயின்டனன்ஸ்தான். யாரோ எழுதி வச்சுட்டுப் போன கோடுல வர்ற பக்கை எல்லாம் சரி பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. எதிர் வரிசையில் இருந்த அவருடைய அம்மா, "அடுத்த வருஷம் டெவலப்மென்ட்டுக்கு மாத்திடறேன்னு சொல்லியிருக்காங்க" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். பையன் ஏதோ ஒரு பாடத்தில் பெயிலாகிவிட்டதைப் போல!

அன்று அவருக்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. பாயசம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. நானும் முப்பது ஆண்டுகள் அடுத்தவர் எழுதிய நிரல்களைப் பழுதுபார்த்தே குடும்பம் நடத்தியவன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், அந்தப் பதிலையே ஒரு வரலாறாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. கணினித் துறை என்றாலே புதிது புதிதாகக் கண்டுபிடிப்பதுதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அறுபது ஆண்டுகளாகப் பழுதுபார்க்கப்பட்டே உயிர்வாழும் ஒரு நிரலின் கதை இது.

கையேட்டுப் பக்கம் என்பது என்ன?

நம் வீட்டுப் பிள்ளைகளில் யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் வேலை செய்பவர்களுக்கு 'மேன்' என்ற கட்டளை தெரியும். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அதைத் தட்டி, பக்கத்தில் வேறொரு கட்டளையின் பெயரைத் தட்டினால், அந்தக் கட்டளையைப் பற்றிய கையேட்டுப் பக்கம் திரையில் வந்து நிற்கும். பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம், தொடர்புடைய பக்கங்கள் என்று தலைப்புகள் ஒழுங்காக இருக்கும். சில எழுத்துகள் தடிமனாக, சில அடிக்கோட்டுடன் இருக்கும். ஓரங்கள் நேராக இருக்கும்.

ஆனால் கோப்பில் இருப்பது இப்படி அழகாக இருக்காது. நடுநடுவே ஒரு புள்ளியும் இரண்டு எழுத்துமாகச் சில வரிகள் வரும். 'புள்ளி எஸ் எச்' என்றால் இது தலைப்பு. 'புள்ளி பி' என்றால் இதைத் தடிமனாக்கு. இந்தக் குறிப்புகளைப் படித்து, திரையின் அகலத்தைப் பார்த்து, வரிகளை நிரப்பி, ஓரம் விட்டு, சொல்லை எங்கே உடைப்பது என்று முடிவுசெய்து கொடுப்பதற்கு ஒரு நிரல் இருக்கிறது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் செய்கிற வேலைதான். திரைக்கும் அச்சுத் தாளுக்கும் ஒரே மூலக் கோப்பு போதும். அந்த நிரல்தான் நம் கதாநாயகன்.

1964: புள்ளி வந்த கதை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1960களில் சி.டி.எஸ்.எஸ். என்ற கணினி அமைப்பு இருந்தது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ள வழி செய்த ஆரம்பகால அமைப்புகளில் அது ஒன்று. அங்கே ஜெரோம் சால்ட்சர் என்பவர் 1964இல் 'ரன்ஆஃப்' என்ற நிரலை எழுதினார். வரியின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் அது கட்டளை, இல்லையென்றால் அது படிக்க வேண்டிய உரை. இவ்வளவுதான் விதி. ஆங்கில வாக்கியம் எதுவும் புள்ளியில் தொடங்காது என்பதால் அது நல்ல தேர்வு.

அந்தப் புள்ளி இன்றும் இருக்கிறது. இன்று எழுதப்படும் கையேட்டுப் பக்கத்திலும் கட்டளை வரி புள்ளியில்தான் தொடங்குகிறது. அது கொண்டுவந்த தொல்லையும் இருக்கிறது. யூனிக்ஸில் சில கோப்புகளின் பெயரே புள்ளியில் தொடங்கும். அப்படி ஒரு பெயர் தற்செயலாக வரியின் முதலில் வந்துவிட்டால், நிரல் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு கட்டளை இல்லாததால் அந்த வரியே காணாமல் போய்விடும். ஒற்றை மேற்கோள் குறியில் தொடங்கும் வரிக்கும் இதே கதிதான். எழுதியவருக்குத் தெரியாது, படிப்பவருக்கோ ஒரு வரி குறைந்தது தெரியவே தெரியாது. பிழைகளிலேயே மோசமான பிழை இந்தச் சத்தமில்லாத பிழைதான்.

தட்டச்சாளர்கள் மூவர்

ரன்ஆஃப் நிரலை அடியொற்றி பெல் ஆய்வுக்கூடத்தில் டக் மெக்கில்ராய் எழுதிய நிரலுக்குப் பெயர் சுருங்கி 'ராஃப்' ஆயிற்று. அதே ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் யூனிக்ஸைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது பி.டி.பி.-7 என்ற பழைய சிறு கணினி. புதிதாக ஒன்று வேண்டும். இயங்குதள ஆராய்ச்சி என்று சொல்லிக் கேட்டபோது நிர்வாகம் பணம் கொடுக்கவில்லை. பிறகு, ஆவணங்களைத் திருத்தவும் வடிவமைக்கவும் ஒரு கருவி செய்கிறோம் என்று கேட்டார்கள். அதற்காக முயன்றவர்களில் முக்கியமானவர் ஜோ ஒசன்னா. சுமார் 65,000 டாலர் விலையுள்ள பி.டி.பி.-11 கணினி 1970இல் வந்து சேர்ந்தது.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே! ராஃப் நிரலைப் புதுக் கணினிக்கு மாற்றி எழுதினார்கள். 1971இன் பிற்பாதியில் ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த தட்டச்சாளர்கள் மூவர் நாள் முழுவதும் அதில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தார்கள். அதே கணினியில் ஓரமாக ஆராய்ச்சியாளர்கள் தங்கள் வேலையையும் பார்த்துக்கொண்டார்கள். உலகத்தையே மாற்றிய யூனிக்ஸுக்குச் சோறு போட்டது இந்த வடிவமைப்பு வேலைதான் என்று சொன்னால் மிகையாகாது.

1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு வந்தது. அதில் பக்கங்களின் கடைசிப் பகுதியில் 'பிழைகள்' என்றே ஒரு தலைப்பு வைத்திருந்தார்கள். இந்த நிரலில் இன்ன குறை இருக்கிறது என்று எழுதியவர்களே ஒப்புக்கொள்ளும் இடம் அது. நம் பழைய தமிழ் நூல்களில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு பக்கம் ஒட்டியிருக்குமே, அதுபோல. தன் பொருளின் குறையைத் தன் கையாலேயே அச்சிட்டுக் கொடுக்கும் துணிச்சலை எத்தனை கம்பெனிகளிடம் பார்க்க முடியும்?

ஒசன்னா விட்டுச்சென்ற 7000 வரிகள்

ஒசன்னா அதோடு நிற்கவில்லை. ராஃப் நிரலுக்குப் பதிலாக 'என்-ராஃப்' எழுதினார். அதில் பயன்படுத்துவோர் தாங்களே புதுக் கட்டளைகளை உண்டாக்கிக்கொள்ளலாம். 1973 வாக்கில் 'டி-ராஃப்' வந்தது. இது கேட் என்ற ஒளியச்சு இயந்திரத்துக்காக எழுதப்பட்டது. அந்த இயந்திரத்தில் ஒரே நேரத்தில் 4 எழுத்துருக்கள்தான் வைக்க முடியும். ஒவ்வொன்றிலும் 102 குறிகள். கணிதச் சமன்பாடுகளை அச்சிட பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் ஒரு துணை நிரல் எழுதினார்கள். அட்டவணைகளுக்கு மைக் லெஸ்க் எழுதினார். இவை எல்லாம் கடைசியில் டி-ராஃப் மொழியில்தான் பேசின. 1978இல் வெளிவந்து இன்றும் மாணவர்கள் படிக்கும் கெர்னிகன், ரிட்சி இருவரின் 'சி' மொழி நூலும் இந்த நிரலில்தான் அச்சுக் கோக்கப்பட்டது.

முதலில் அசெம்பிளி மொழியில் எழுதிய டி-ராஃபை ஒசன்னா பிறகு சி மொழியில் திரும்ப எழுதினார். சுமார் 7000 வரிகள். அதில் விளக்கக் குறிப்பு என்று அநேகமாக எதுவும் இல்லை. கேட் இயந்திரத்தின் கணக்குகள் நிரலின் உடம்பெங்கும் பின்னிக் கிடந்தன. அவர் இருக்கும்வரை அது பிரச்சினையாகத் தெரியவில்லை. சந்தேகம் வந்தால் அவரையே கேட்டுக்கொள்ளலாம். 1977 நவம்பர் 28 அன்று ஒசன்னா காலமானார். வயது 48.

நம் ஊர்க் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகப் புரியும். எழுதியவர் போய்விட்டார். குறிப்பு இல்லை. ஆனால் நிரல் தினமும் ஓட வேண்டும். மேலே கை வைத்தால் எங்கே உடையுமோ என்ற பயம். இயந்திரமோ பழசாகிக்கொண்டே வருகிறது.

கெர்னிகன் செய்த மராமத்து

1979இல் அந்த வேலையைக் கையில் எடுத்தவர் கெர்னிகன். அவருக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. பழையதைத் தூக்கியெறிந்துவிட்டுப் புது மொழி, புது நிரல் என்று தொடங்கலாம். அதைவிட்டால், குடியிருந்துகொண்டே வீட்டை மராமத்து பார்ப்பதுபோல, ஓடுகிற நிரலை உள்ளே மாற்றலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார். காரணம் எளிது. அதற்குள் டி-ராஃப் மொழியில் ஏராளமான ஆவணங்கள் எழுதப்பட்டுவிட்டன. துணை நிரல்களும் அதை நம்பி இருந்தன. நிரலை மாற்றினால் அத்தனையும் வீணாகும்.

அவர் செய்தது என்ன? எழுத்துகளின் அகலம், அளவு, இயந்திரத்தின் நுணுக்கம் ஆகியவற்றையெல்லாம் நிரலுக்குள்ளிருந்து பிரித்தெடுத்துத் தனிக் கோப்புகளில் அட்டவணையாக வைத்தார். நிரல் இனி எந்த இயந்திரத்தோடும் நேராகப் பேசாது. 'இந்த இடத்துக்குப் போ, இந்த எழுத்தைப் போடு' என்று ஒரு பொதுவான நடுமொழியில் எழுதிக் கொடுக்கும். அதை அந்தந்த இயந்திரத்துக்கேற்ப மாற்றிக்கொடுப்பது வேறொரு சிறு நிரலின் பொறுப்பு. ஆவணம் எழுதுபவர் பார்வையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. உள்ளே மட்டும் எல்லாம் மாறிவிட்டது.

அதே 1979 கோடையில் ஆய்வுக்கூடம் லினோட்ரான் 202 என்ற புது அச்சு இயந்திரம் வாங்கியது. அது அடிக்கடி மக்கர் செய்தது. எழுத்துருக்களை எப்படிச் சேமித்திருக்கிறார்கள் என்ற ரகசியத்தையும் தயாரிப்பாளர்கள் வெளியிட்டிருக்கவில்லை. கெர்னிகன், தாம்சன், ஜோ காண்டன் மூவரும் அந்த இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்து ரகசியத்தைக் கண்டுபிடித்தார்கள். தாம்சன் சதுரங்கக் காய்களின் உருவங்களைக்கூட அதில் ஏற்றினார். இந்த அனுபவத்தை எழுதிய குறிப்பு 1980 ஜனவரியில் தயாராகியும் அப்போது வெளியே விடப்படவில்லை. 2013இல்தான் மீட்டு உருவாக்கி வெளியிட்டார்கள்.

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புக்காக மெக்கில்ராய் கையேட்டுப் பக்கங்களுக்கென்றே ஒரு கட்டளைத் தொகுப்பு செய்தார். 'புள்ளி எஸ் எச்' முதலானவை அந்தத் தொகுப்பில் உள்ளவைதான். இன்றும் லினக்ஸ் கையேடுகளில் பெரும்பாலானவை அதிலேயே எழுதப்படுகின்றன.

இரண்டு புது வீடுகள்

பெல் ஆய்வுக்கூடத்தின் நிரல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் சொத்து. எல்லாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. எனவே ஜேம்ஸ் கிளார்க் 1990இல் 'ஜி-ராஃப்' என்ற கட்டற்ற நிரலை சி++ மொழியில் புதிதாக எழுதி வெளியிட்டார். நிரல் புதிது என்றாலும் மொழி பழையதே. 1960களின் புள்ளியும் 1970களின் கட்டளைகளும் அதில் அப்படியே வேலை செய்தன.

அதே 1990இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சிந்தியா லிவிங்ஸ்டன் வேறொரு கட்டளைத் தொகுப்பை உருவாக்கினார். பழைய தொகுப்பில் 'இதைத் தடிமனாக்கு' என்பார்கள். இவருடைய தொகுப்பிலோ 'இது ஒரு தெரிவு', 'இது கோப்பின் பெயர்' என்று பொருளைச் சொல்வார்கள். தடிமனா சாய்வா என்பதை நிரலே பார்த்துக்கொள்ளும். தோற்றத்திலிருந்து பொருளுக்கு வந்த இந்த நகர்வு பெரியது. பிற்காலத்தில் கையேட்டுக்குள் பொருள் வகை பார்த்துத் தேட முடிந்ததற்கு இதுவே அடிப்படை.

வெளியே தெரியாத மாற்றம்

2008இல் கிறிஸ்டாப்ஸ் ஜான்சன்ஸ் என்பவர் கையேட்டுப் பக்கங்களுக்காக மட்டும் சிறியதாக, வேகமாக ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். பெயர் 'மேன்டாக்'. விரைவில் ஓபன்பி.எஸ்.டி. குழுவைச் சேர்ந்த இங்கோ ஷ்வார்ஸ் அதில் சேர்ந்துகொண்டார். 2010இல் ஓபன்பி.எஸ்.டி. தன் கையேடுகளை இந்த நிரலைக் கொண்டே உருவாக்க ஆரம்பித்தது.

சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் செய்த சோதனை முறை கற்றுக்கொள்ள வேண்டியது. ஒரே பக்கத்தை ஜி-ராஃபிலும் மேன்டாக்கிலும் ஓட்டி, வரும் விடைகளை ஒப்பிடுவார்கள். வித்தியாசம் தெரிந்தால் பிழை மூன்றில் ஒரு இடத்தில் இருக்க வேண்டும்: புது நிரலில், பழைய நிரலில், அல்லது பக்கத்தை எழுதியவரின் கையில். நம் பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்தார்களே, கிட்டத்தட்ட அதே வேலை.

மேன்டாக்கில் முதலில் மெக்கில்ராயின் தொகுப்புக்கு ஒரு பாகுபடுத்தி, லிவிங்ஸ்டன் தொகுப்புக்கு இன்னொன்று என்று தனித்தனியாக இருந்தன. இரண்டுக்கும் பொதுவான வேலைகள் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தன. ஒரு பிழையைக் கண்டால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். ஓர் இடத்தை மறந்தால் போச்சு. 2015இல் ஷ்வார்ஸ் பொதுவான பகுதிகளை ஒன்றாக்கினார். ஒரே நாளில் இடித்துக் கட்டவில்லை. சிறு சிறு மாற்றமாகச் செய்துகொண்டே போனார். விடை மாறவில்லை என்று சோதித்துக்கொண்டும் போனார்.

வெளி நடத்தையை மாற்றாமல் உள்ளமைப்பைச் சீராக்கும் இந்த வேலைக்கு 'ரீஃபாக்டரிங்' என்று பெயர். மார்ட்டின் ஃபௌலர் 1999இல் இந்தப் பெயரிலேயே எழுதிய நூல் சொல்லைப் பரப்பியது. கெர்னிகன் 1979இல் எடுத்த வழியும் ஏறக்குறைய இதுதான். பெயர்தான் அப்போது பரவியிருக்கவில்லை.

இன்னொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. ஆரம்பத்தில், மிகவும் தப்பாக எழுதப்பட்ட பக்கம் வந்தால் மேன்டாக் 'முடியாது' என்று நின்றுவிடும். பிறகு அதை மாற்றினார்கள். எழுதியவருக்கு எச்சரிக்கை உண்டு, ஆனால் படிப்பவருக்கு முடிந்தவரை பக்கத்தைக் காட்டிவிட வேண்டும். எழுதியவர் செய்த தப்புக்குப் படிக்க வந்தவரைத் தண்டிக்கக்கூடாது அல்லவா?

மழை இரவும் குப்பைக் கோப்புகளும்

பிழை கண்டுபிடிப்பதிலும் ஒரு சுவையான கதை உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லர், 1988இல் இடி மின்னலோடு மழை பெய்த ஓர் இரவில், வீட்டிலிருந்து தொலைபேசி வழியாகக் கணினியோடு இணைந்திருந்தார். கம்பியில் வந்த இரைச்சல் அவர் தட்டிய எழுத்துகளில் குப்பையைச் சேர்த்தது. அந்தக் குப்பையைத் தாங்காமல் யூனிக்ஸ் நிரல்கள் விழுந்தன. அவரும் மாணவர்களும் வேண்டுமென்றே குப்பையை ஊட்டிச் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். சோதித்த ஒவ்வொரு யூனிக்ஸ் வகையிலும் 25 முதல் 33 சதவீதம் நிரல்கள் விழுந்தன.

பிற்காலத்தில் இதே முறையைத் தானாகச் செய்யும் கருவிகள் வந்தன. ஏ.எஃப்.எல். என்ற கருவியைக் கொண்டு மேன்டாக்கையும் இப்படிச் சோதித்தார்கள். எந்த மனிதரும் எழுதமாட்டாத விசித்திரமான பக்கங்களைக் கருவி உண்டாக்கியது. அவற்றில் விழுந்த இடங்களை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். விதிப்படி எழுதும் நல்லவர்களை மட்டும் நம்பி நிரல் எழுத முடியாது.

ஒரு சின்னக் கோட்டின் பெரிய வம்பு

கடைசியாக, இன்றைக்கும் தீராத ஒரு வழக்கு. தட்டச்சுப் பொறியில் சிறு கோட்டுக்கு ஒரே விசைதான். அச்சிலோ சொல்லை உடைக்கும் கோடு வேறு, கணிதக் கழித்தல் குறி வேறு. ராஃப் மொழியில் வெறும் கோடு தட்டினால் சொல்லிணைப்புக் கோடு. முன்னால் பின்சாய்கோடு சேர்த்துத் தட்டினால் மற்றது. யூனிக்ஸ் கட்டளைகளின் தெரிவுகள் கோட்டில்தான் தொடங்கும். அங்கே சேர்த்துத்தான் தட்ட வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதியவர்கள் சோம்பலில் வெறும் கோட்டையே தட்டிவிட்டார்கள். பழைய திரைகளில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை.

யூனிகோட் திரைகள் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. வெறும் கோடு இப்போது யூனிகோடின் தனிக் கோட்டுக் குறியாக வந்தது. பார்வைக்கு அதேதான். ஆனால் கையேட்டிலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டினால் வேலை செய்யாது. பக்கத்துக்குள் அந்தத் தெரிவைத் தேடினாலும் கிடைக்காது. டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பினர் இரண்டு கோட்டையும் பழையபடி ஒன்றாக்கிக் காட்டினார்கள். 2023 ஜூலையில் வந்த ஜி-ராஃப் 1.23.0 பதிப்பு, தன் கையேட்டுத் தொகுப்புகளில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. 'மொழி சொல்வதைத்தான் நிரல் செய்யும், பக்கத்தைத் திருத்துங்கள்' என்பது ஒரு பக்க வாதம். 'இத்தனை ஆண்டுகளாக எழுதிய பக்கங்களை யார் உட்கார்ந்து திருத்துவது? படிப்பவன் ஏன் அவதிப்பட வேண்டும்?' என்பது மறுபக்கம். டெபியன் மறுபடியும் தன் பழைய ஏற்பாட்டையே வைத்துக்கொண்டது.

யார் சொல்வது சரி? என்னைக் கேட்டால், இரண்டு பேருமே தம் கடமையைத்தான் செய்கிறார்கள் என்பேன். விதியைக் காக்க ஒருவர் வேண்டும். பழைய பக்கத்தைக் காக்க இன்னொருவர் வேண்டும். இரண்டில் ஒருவர் இல்லையென்றாலும், 1979இல் எழுதிய பக்கம் இன்று திரையில் சரியாகத் தெரியாது.

பந்தியில் சொல்ல மறந்தது

இப்போது அந்தத் தம்பிக்கு வருகிறேன். 1990களின் கடைசியில் நம்மவர்கள் பலர் வெளிநாட்டுக்குப் போனதும், நம் நாட்டு மென்பொருள் துறை தலையெடுத்ததும் எதனால்? 2000ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்க, யாரோ எழுதி வைத்த கோபால் நிரல்களில் இரண்டு இலக்க ஆண்டை நான்காக மாற்றிய வேலை அதில் பெரும்பங்கு வகித்தது. அதுவும் மெயின்டனன்ஸ்தான். சரியாகச் செய்ததால் 2000 ஜனவரி 1 அன்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததால், 'இதுக்கா இத்தனை செலவு?' என்று கேட்டவர்களும் உண்டு. பழுதுபார்ப்பவனின் தலையெழுத்து அது. வேலை நன்றாக நடந்தால் வெளியே தெரியாது.

ஆனால் தம்பி, நீ திருத்தும் நிரலை நம்பி யாரோ ஒருவர் எங்கோ ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒசன்னாவின் 7000 வரிகளில் குறிப்பு இல்லாததால் பின்னால் வந்தவர் பட்ட பாட்டை நினைத்துக்கொள். நீ திருத்தும் ஒவ்வொரு இடத்திலும் 'ஏன் திருத்தினேன்' என்று ஒரு வரி எழுதி வை. உன் நிரலில் தெரிந்த குறை இருந்தால், யூனிக்ஸ் கையேட்டில் எழுதினார்களே, அதுபோல ஒளிக்காமல் எழுதி வை. நாளைக்கு உன் இடத்தில் உட்காரப் போகிறவர் உன்னை வாழ்த்துவார்.

அம்மாவிடமும் ஒரு வார்த்தை. அடுத்த பொங்கலில் யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள் அம்மா, பையன் மெயின்டனன்ஸில் இருக்கிறான் என்று. இந்த மலரிலும் எத்தனை கண் பார்த்தும் நாலு பிழை தப்பித்திருக்கும். கண்டுபிடிப்பவர்கள் எனக்குத் தெரிவித்தால், அடுத்த ஆண்டு மலரில் திருத்தம் வெளியிடச் சொல்கிறேன்.